குளிர்நாட்டு ஏரியில் ஒரு வாரம்: கயாக், பேடில்போர்டு பற்றிச் சில சந்தேகங்கள்

ஏரிக்கரை:

வணக்கம். ஜூலை முதல் வாரம் குடும்பத்தோடு வடக்கே ஓர் ஏரிக்குப் போகிறோம். பனியாறு குடைந்த ஆழமான ஏரி, மே மாதம் வரை உறைந்து கிடப்பது. நீளம் 6 கி.மீ., அகலம் ஒன்றரை கி.மீ. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் (வயது 12, 7). எல்லோருக்கும் நீச்சல் தெரியும். சின்னவளுக்கு மட்டும் 25 மீட்டருக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

எங்களிடம் இருப்பவை: காற்றடைக்கும் பேடில்போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை) ஒன்று (10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குல கனம்). மேலே உட்கார்ந்து ஓட்டும் இரட்டைக் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) ஒன்று. உள்ளே கால்நீட்டி உட்காரும் 10 அடி ஒற்றைக் கயாக் ஒன்று. அதில் இருக்கைக்குப் பின்னால், தண்ணீர் படகு முழுக்கப் பரவாமல் அடைக்கும் தடுப்புச் சுவர் கிடையாது.

சந்தேகங்கள்:

1. வெயில் 28 டிகிரி வரை போகும் என்கிறார்கள். வெட்சூட் (குளிர் தாக்காமலிருக்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) உண்மையிலேயே வேண்டுமா?
2. போர்டுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் முள் வெகுநேரம் பூஜ்யத்திலேயே நிற்கிறது. அடித்து முடித்து ஏறி நின்றால் நடுவில் தொய்கிறது. ஓட்டினால் இடப்பக்கமாகவே திரும்புகிறது. போர்டில் குறையா, எங்களிடம் குறையா?
3. காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் கரையிலேயே இருந்துவிட வேண்டும்?
4. கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதற்கு எதைப் பயிற்சி செய்து வைக்க வேண்டும்?

நீர்க்காகம்:

முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. காற்றின் வெப்பநிலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். படகில் ஏறும்போது உடுப்பது தண்ணீருக்காக.

தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். வசந்தத்தில் பனி உருகியதும் ஏரி முழுவதும் மேலும் கீழும் கலந்து ஏறக்குறைய அந்தச் சூட்டில் நிற்கும். பிறகு வெயில் ஏற ஏற மேற்பரப்பு மட்டும் சூடாகும். சூடான நீர் லேசானது, மேலேயே மிதக்கும், கீழிருப்பது அப்படியே கிடக்கும். ஜூலைத் தொடக்கத்தில் அந்த வெதுவெதுப்பான அடுக்கு சில மீட்டர் கனம்தான் இருக்கும். மணல் கரையில் முழங்கால் ஆழத்தில் காலை வைத்துப் பார்த்துவிட்டு "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான் ஏமாற்றும். ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, நீங்கள் ஓட்டப் போகும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்திலும் 2 மீட்டர் ஆழத்திலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பாடம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்க ஒரே திசையில் பலமாகக் காற்று வீசினால், சூடான மேலடுக்கை அது எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று கிளம்பும் பக்கத்துக் கரையில் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து அந்த இடத்தை நிரப்பும். நேற்று 19 டிகிரியில் பிள்ளைகள் குதித்து விளையாடிய அதே துறையில் இன்று 11 டிகிரி இருக்கலாம், வெயில் நேற்றைவிட அதிகமாக அடித்தாலும். ஆகவே தினமும் அளக்க வேண்டும்.

15 டிகிரிக்குக் கீழே திடீரென விழுந்தால், தன்னை அறியாமல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுப்போம். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அடுத்த ஒரு நிமிடம் வரை மூச்சு தாறுமாறாக ஓடும். மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் உடலியலை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். இது உறைநிலைக்கு அருகிலுள்ள நீருக்கான கணக்கு. 12, 14 டிகிரியில் பின்னிரண்டும் நீளும். முதல் நிமிடம் மட்டும் அங்கேயும் கிட்டத்தட்ட அப்படியேதான்.

லைஃப் ஜாக்கெட்டைப் போர்டின் முன்பக்க வலைக்கயிற்றில் செருகி வைப்பதில் பயனில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இந்த முதல் நிமிடத்துக்காகத்தான். மூச்சு திணறும்போது யாராலும் அதை இழுத்து மாட்டிக் கொக்கி போட முடியாது. உடம்பில் மாட்டி, ஜிப் ஏற்றி, பக்கவார்களை இறுக்கியிருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும்.

உடை விஷயத்தில் என் கணக்கு: நீர் 20 டிகிரிக்கு மேல் என்றால் சீக்கிரம் உலரும் சட்டை, கால்சட்டை போதும். 15 முதல் 20 வரை கையில்லாத 3 மி.மீ. வெட்சூட். கை இல்லாததால் துடுப்புப் போடும்போது அக்குள் உராயாது. 15க்குக் கீழே முழு வெட்சூட், அதோடு கரையை ஒட்டியே ஓட்டுவது. பிள்ளைகளுக்கு ஒரு படி கூட்டிப் போடுங்கள், சிறிய உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். பருத்தி உடை எதிலும் வேண்டாம். நனைந்தால் உலராது, காற்றுப் பட்டால் இன்னும் குளிரும்.

காற்றடைப்பு:

இரண்டாவது கேள்விக்கு நான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் போர்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

முள் நகராமல் இருப்பது இயல்பு. பெரும்பாலான கைப்பம்ப் முட்கள் 5, 6 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை அசையவே அசையாது. அதுவரை போர்டு வடிவத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பலரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்: போர்டு பார்க்க முழுதாகத் தெரிகிறது, கையும் ஓய்ந்துவிடுகிறது, முள்ளும் கெட்டுப்போனதாகத் தோன்றுகிறது. ஆனால் 6 அங்குலப் போர்டு நடுவில் தொய்யாமல் நிற்க 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வேண்டும். உச்ச அளவு வால்வு அருகே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். பம்பில் மேலே இழுத்தாலும் கீழே அழுத்தினாலும் காற்றடிக்கும் இரட்டை முறை இருந்தால், 7, 8 பி.எஸ்.ஐ. வரை அதில் அடியுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒற்றை முறைக்கு மாற்றுங்கள். அதற்குமேல் இரட்டை முறையில் அடித்தால் முதுகுதான் போகும். கையால் தள்ளாதீர்கள், கைகளை நீட்டி வைத்து, முழங்காலை மடக்கி உடல் எடையை இறக்குங்கள்.

அடிக்கும் முன் வால்வின் நடு ஊசியைப் பாருங்கள். அழுத்தித் திருப்பினால் மேலே எழும்பி நிற்கும் நிலைதான் மூடிய நிலை. கீழே அமுங்கி நின்றால் குழாயை எடுத்த கணத்தில் மொத்தக் காற்றும் சீறிக்கொண்டு வெளியே வரும். நிரப்பிய பின் சோப்புத் தண்ணீரை வால்வைச் சுற்றித் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் போர்டோடு தந்த வால்வுச் சாவியால் வலப்பக்கமாகக் கால் திருப்பு இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

குளிர்ந்த ஏரியில் இன்னொரு சங்கதியும் உண்டு. வெயிலில் 30 டிகிரியில் 15 பி.எஸ்.ஐ. அடித்து 12 டிகிரி நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் 13ஐ ஒட்டி இறங்கும். உங்கள் தொய்வில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். போர்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவிட்டு மறுபடி அளந்து நிரப்புங்கள். திரும்பி வந்ததும் இதற்கு நேர்மாறு: நிரப்பிய போர்டை மதிய வெயிலில் மணலில் போடாதீர்கள். அழுத்தம் ஏறி ஒட்டுப்பகுதி விடும். நிழலில் வையுங்கள், இல்லையென்றால் 2, 3 பி.எஸ்.ஐ. இறக்கி வையுங்கள்.

இடப்பக்கம் திரும்புவதற்கு நான்கு காரணங்களை வரிசையாகப் பாருங்கள். ஃபின் (போர்டின் அடியில் பின்பக்கம் மாட்டும் தகடு) முன்பின் மாறி மாட்டியிருக்கிறதா? அதன் வளைந்த நுனி பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். துடுப்பு திருப்பிப் பிடிக்கப்பட்டிருக்கிறதா? அதன் அகன்ற முனை (அலகு) சற்று வளைந்திருக்கும். அந்தச் சாய்வு போர்டின் முன்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தப்பாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி, முக்கால்வாசிப் புதியவர்கள் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். மூன்றாவது, நிற்கும் இடம். நடுக் கைப்பிடிக்கு இருபுறமும் ஒவ்வொரு பாதம், இடுப்பளவு இடைவெளி, விரல்கள் முன்னோக்கி. பின்னால் தள்ளி நின்றால் மூக்கு தூக்கி, லேசான காற்றுக்கே திரும்பிவிடும். நான்காவதும் முக்கியமானதும்: துடுப்பைப் போர்டின் விளிம்பு வளைவை ஒட்டி இழுக்கிறீர்கள். வலப்பக்கம் அப்படி வளைத்து இழுத்தால் மூக்கு இடப்பக்கம் போகும். கால்விரலுக்கு முன்னே அலகு முழுவதும் மூழ்கட்டும், தண்டு செங்குத்தாக நிற்கட்டும், நேர்கோட்டில் கணுக்கால்வரை இழுத்து வெளியே எடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பதெல்லாம் திருப்பத்தான் செய்யும். அப்படியும் ஒரு பக்கம் நான்கைந்து முறை போட்டதும் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும்.

துடுப்பு நீளம் உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 செ.மீ. கூடுதல். 12 வயதுப் பிள்ளைக்கு அதற்கேற்பக் குறையுங்கள். பெரியவர் துடுப்பைக் கொடுத்தால் தோளைத் தலைக்குமேல் தூக்கியே ஓட்டி, அரை மணியில் அலுத்துவிடும்.

வாடைக்காற்று:

காற்று பற்றி. ஒரே எண் சொன்னால் அது தவறான எண்ணாகத்தான் இருக்கும். திசைதான் முதலில்.

கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்றுதான் ஆளைக் கொல்வது. கரையோர மரங்கள் மறைப்பதால் முதல் 100, 200 மீட்டர் கண்ணாடி போலத் தெரியும். புதியவர்கள் இதைத்தான் நல்ல நாள் என்று நினைத்து இறங்குகிறார்கள். மறைப்பைத் தாண்டியதும் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் விஷயம் தெரியும். பேடில்போர்டில் நிற்கும் உடம்பு பாய்மரம் மாதிரி. எதிரே மணிக்கு 20 கி.மீ. காற்று இருந்தால், புதிதாக ஓட்டுபவர் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் அங்கேயே நிற்பார், அல்லது பின்னால் போவார்.

தண்ணீரைப் பார்த்து நில்லுங்கள். காற்று முதுகில் பட்டால் அன்று போர்டு வேண்டாம், குழந்தைகளோடு கயாக்கும் வேண்டாம். முகத்தில் பட்டால் (அதாவது காற்று கரையை நோக்கி வீசினால்) தவறினாலும் கரைக்கே வந்து சேருவீர்கள். அப்போது பேடில்போர்டுக்கு மணிக்கு 12 கி.மீ., இரட்டைக் கயாக்குக்கு 18 கி.மீ. வரை சரி. முன்னறிவிப்பில் சராசரியைப் பார்க்காமல், இடையிடையே திடீரென எழும் வீச்சின் வேகம் (gust) எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். தூரத்தில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று 12 முதல் 19 கி.மீ. வரம்புக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். ஏரி முழுக்க நுரை என்றால் 20ஐத் தாண்டிவிட்டது.

6 கி.மீ. நீளமுள்ள ஏரி என்கிறீர்கள். காற்று அந்த நீளவாக்கில் வீசினால், கடைசிக் கரையில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும். அதே காற்று குறுக்கே வீசும்போது அலை அதைவிட மிகவும் சிறிதாகத்தான் இருக்கும். வரைபடத்தில் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகக் காலை ஆறிலிருந்து பத்துவரை அமைதி, பதினொன்றுக்குமேல் காற்று எழும்பும், மாலை தாழும். அந்த அட்சரேகையில் ஜூலையில் இருட்ட வெகுநேரமாகும் என்பதால் மாலை ஏழு மணிகூட நல்ல நேரம்தான், கொசுவைத் தாங்க முடிந்தால். எப்போதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்த பின் காற்றே வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

இடி கேட்டால் விவாதம் வேண்டாம், கரை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு என்றால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி இறங்க வேண்டும்.

போர்டில் மாட்டிக்கொண்டால்: உட்காருங்கள், பிறகு மண்டியிடுங்கள், அதுவும் முடியாவிட்டால் குப்புறப்படுத்துத் துடுப்பை வயிற்றுக்குக் கீழே வைத்துக் கைகளால் தள்ளுங்கள். போர்டை விட்டுவிட்டு நீந்தக் கிளம்பக் கூடாது. லீஷ் (ஆளைப் போர்டோடு பிணைக்கும் கயிறு) இல்லாமல் விழுந்தால் காற்று போர்டை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும். ஏரிக்குச் சுருள் லீஷ், கெண்டைக்காலில். ஆறு வந்து சேரும் முகத்துவாரம், வெளியேறும் மடை, நீரோட்டம் உள்ள எந்த இடத்துக்கும் காலில் கட்டும் லீஷ் ஆகாது. மரக்கட்டையில் சிக்கினால் நீரோட்டம் தலையை அமுக்கிவிடும், காலை எட்டிக் கழற்ற முடியாது. அங்கே இடுப்பில், ஒரே இழுப்பில் கழலும் பட்டைதான்.

துடுப்பாளி:

நான்காவது கேள்வி. முதல் நாள் ஒரு மணி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள், நெஞ்சளவு தண்ணீரில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க.

இரட்டைக் கயாக் எளிது. கவிழ்ந்தால் இருவரும் ஒரே பக்கம் வந்து, அடிப்பக்கத்துக்கு மேலாகக் கையை நீட்டி எதிர்விளிம்பைப் பிடித்து, முழங்காலைப் படகில் முட்டுக்கொடுத்துப் பின்னால் சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். மேலே உள்ள ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தானே வடியும். ஏறும் வரிசை: வயிறு, பிட்டம், கால். கால்களைப் பின்னால் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து உதைத்தபடி வயிற்றைக் குறுக்கே போடுங்கள், பிறகு புரண்டு இருக்கையில் பிட்டம், கடைசியாகக் கால். தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு கையால் இழுத்து ஏற முயன்றால் படகு உங்கள் மேலேயே மறுபடி கவிழும். ஒருவர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் பிடித்துச் சமன் செய்ய வேண்டும்.

பேடில்போர்டிலும் அதே உதைதான்: நடுக் கைப்பிடிக்கு நேரே பக்கவாட்டிலிருந்து. விழும்போது போர்டை விட்டு விலகி, தட்டையாக விழப் பழகுங்கள். ஏரிக்கரைப் பாறை கண்ணுக்குத் தெரியாமல் அரையடி ஆழத்தில் இருக்கும். களைத்துப்போனவரை ஏற்ற வேண்டுமானால் போர்டைத் தலைகீழாகப் புரட்டி, அவர் கைகள் இரண்டையும் அடிப்பக்கத்தின் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து உங்களை நோக்கிப் புரட்டுங்கள். ஆள் மார்பளவு போர்டின்மேல் வந்துவிடுவார், பிறகு கால்களை இழுத்துப் போட்டால் போதும்.

கவலை தருவது உங்கள் ஒற்றைக் கயாக். தடுப்புச் சுவர் இல்லாததால் கவிழ்ந்தால் முழுப்படகும் நிரம்பும். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அதை நடு ஏரியில் யாரும் தூக்கி வடிக்க முடியாது, கைப்பம்பால் இறைத்துத் தீர்க்கவும் முடியாது. முன்னும் பின்னும் காற்றுப் பைகளைத் திணித்துக் கட்டுங்கள். தண்ணீர் நிற்கும் இடம் பாதியாகக் குறையும், படகும் மிதந்தபடி இருக்கும். பைகளோடும் அதைக் கரையிலிருந்து 50 மீட்டருக்குள் மட்டும் ஓட்டுங்கள். ஏரியைக் குறுக்கே கடக்க அந்தப் படகு வேண்டாம்.

தடுப்புச் சுவருள்ள இரண்டு கயாக்குகள் சேர்ந்து போகிறவர்களுக்கு டி வடிவ மீட்பு இருக்கிறது, வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மீட்பவர் கவிழ்ந்த படகின் மூக்குக்குச் செங்குத்தாக வந்து, கவிழ்ந்த நிலையிலேயே மூக்கைத் தன் மடிக்கு நேரே மேல்தளத்தில் இழுத்து ஏற்றுவார். பத்து நொடியில் தண்ணீர் வடியும். நிமிர்த்தி, திரும்ப நீரில் இறக்கி, இரு படகும் எதிரெதிர் திசை பார்க்க ஒட்டி நிறுத்தி, உடம்பை முழுதும் அதன்மேல் சாய்த்து விளிம்பைப் பிடித்துக்கொள்வார். விழுந்தவர் பின்தளத்தில் குப்புற ஏறி, கால்களை உள்ளே விட்டுப் புரண்டு உட்காருவார். இதில் பலர் தவறும் இடம்: கையைப் படகிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுக்கவே கூடாது.

ஏரிக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒற்றைக் கயாக்குக்குக் காற்றுப் பை வாங்குகிறேன். இன்னும் இரண்டு: சின்னவளைப் போர்டில் முன்னால் உட்கார வைக்கலாமா? மோட்டார் படகு அலை வந்தால் என்ன செய்வது?

நீர்க்காகம்:

உட்கார வைக்கலாம். நடுக் கைப்பிடிக்கு ஒரு முழம் முன்னால், சம்மணமிட்டு. அப்போது நீங்கள் வழக்கத்தைவிட ஒரு பாதம் பின்னால் நிற்க வேண்டும், மூக்கு அமுங்காமல் இருக்கும். லீஷ் உங்களுக்கு மட்டும். குழந்தையைப் போர்டோடு எதனாலும் கட்டக் கூடாது. அவளுக்கு எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட், தொடையிடுக்குப் பட்டையோடு. அந்தப் பட்டை இல்லையென்றால் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவும். ஆளுக்கொரு விசில் ஜாக்கெட்டிலேயே தொங்கட்டும். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று வீட்டுக்குள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் அவளை இரட்டைக் கயாக்கின் முன் இருக்கையில் வைப்பதே மேல். பின்னால் இருப்பவர்தான் திசை பிடிப்பார், அதனால் பலமுள்ளவர் பின்னால்.

மோட்டார் படகு அலைக்கு மூக்கைத் திருப்புங்கள். நேர்செங்குத்தாக வேண்டாம், சற்றே சாய்வாக. பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்க்கும். போர்டில் மண்டியிட்டுத் துடுப்பை நீரில் அழுத்தி வையுங்கள். நீரில் இருக்கும் துடுப்பு மூன்றாவது கால் மாதிரி, அதைத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் ஆள் விழுகிறார்.

வாடைக்காற்று:

ஒன்று விட்டுப்போனது. அந்த ஏரிகளில் லூன் என்ற பறவை இருக்கும்: கருப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட முதுகு, சிவந்த கண். கால்கள் உடம்பின் கோடியில் இருப்பதால் நிலத்தில் சரியாக நடக்க வராது, எனவே தண்ணீர் விளிம்பிலேயே கூடு கட்டும். ஜூலைத் தொடக்கத்தில் சில கூடுகளில் இன்னும் முட்டை இருக்கும். கயாக் சத்தமில்லாமல் நெருங்குவதால் மோட்டார் படகைவிட அதிகமாகக் கலங்கடிக்கும். தண்ணீர்மேல் நிமிர்ந்து நின்று இறக்கையை அடித்துக்கொண்டால் ஆட்டம் காட்டுகிறது என்று நினைத்துப் படம் எடுக்காதீர்கள், பயந்துபோயிருக்கிறது. உடனே பின்வாங்குங்கள்.

காற்றடைப்பு:

கிளம்பும் நாளுக்கு. ஃபின் பெட்டியின் இடுக்கு, லீஷ் சுருள், கயாக் வடிகால் ஓட்டைகள், இருக்கை அடி: நீர்க்களையும், ஏரிக்கு ஏரி பரவிக் கெடுக்கும் வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சும் ஒளிந்து வருவது இங்கேதான். கரையிலேயே களைகளைப் பிடுங்கி, தண்ணீரை முழுக்க வடித்து, அடுத்த ஏரியில் இறக்கும் முன் ஐந்து நாளாவது நன்கு உலரவிடுங்கள். பல இடங்களில் இது சட்டமும்கூட. போர்டை ஈரத்தோடு சுருட்டினால் நுரைமெத்தை பூசணம் பிடிக்கும். துடைத்து, நிழலில் உலர்த்தி, வால்வு இருக்கும் முனை கடைசியில் வரும்படி எதிர்முனையிலிருந்து சுருட்டுங்கள், உள்ளே மிஞ்சிய காற்று தானே வெளியேறும்.